உன் காது பொய் சொல்லவில்லை

பூண்டுலோயாத் தோட்டத்துப் பிள்ளையே, உன்னைத்தான் கேட்கிறேன். மார்கழி பஜனையிலோ மாதா கோயில் பாட்டுக் குழுவிலோ நீ பாடும்போது, காந்தாரத்தில் உன் குரல் போய் நின்ற இடம் கீபோர்டோடு ஒட்டவில்லை என்று யாராவது சொன்னார்களா? "சுருதி இறங்குது, ஏத்திப் பாடு" என்று அதட்டினார்களா? "தோட்டத்துத் தொண்டைக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது" என்று நீயே உனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துவிட்டாயா?

எழுந்திரு. தீர்ப்பு எழுதுமுன் சாட்சியை விசாரிக்க வேண்டும். இந்த வழக்கில் சாட்சிகள் இரண்டு. ஒன்று உன் காது, மற்றது அந்தக் கீபோர்டு. காந்தாரத்தைப் பொறுத்தவரை இயற்கையோடு ஒத்துப்போகாதது கீபோர்டுதான். 14 சென்ட் அளவுக்கு அது விலகி நிற்கிறது. இது என் ஆவேசம் சொல்லும் கணக்கல்ல. உலகத்தில் எந்த மூலையில் அளந்தாலும் வரும் கணக்கு.

ஒரு ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை உள்ள தூரத்தை 1200 பங்காக்கி, ஒரு பங்கைச் சென்ட் என்கிறார்கள். கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே சரியாக 100 சென்ட். பன்னிரண்டு கட்டை, பன்னிரண்டு நூறு. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் தந்தி இப்படிப் பேசுவதில்லை. தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டு. முழுத் தந்தி அதிரும். அதே நேரத்தில் அதன் பாதியும் அதிரும், மூன்றில் ஒன்றும், நான்கில் ஒன்றும், ஐந்தில் ஒன்றும் அதிரும். மூன்றில் ஒன்று பஞ்சமத்தைத் தருகிறது. ஐந்தில் ஒன்று அந்தர காந்தாரத்தைத் தருகிறது. யாரும் காந்தாரத்தை மீட்டவில்லை, ஆனாலும் அது கேட்கிறது. நம் வித்துவான்கள் அதற்குச் சுயம்பு காந்தாரம் என்று பெயர் வைத்தார்கள். ஷட்ஜத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஐந்து, சென்டில் 386. கீபோர்டின் காந்தாரமோ 400.

நம்பாதே, சோதித்துப் பார். கீபோர்டில் ஆர்கன் ஒலியை வைத்துக்கொள். நடு சி, அதற்கு மேலே ஈ, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுபோ. ஒரு நடுக்கம் கேட்கும். வினாடிக்குப் பத்துத் தடவை துடிக்கும் நடுக்கம். சி கட்டை 261.6 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவது அதிர்வு 1308. ஈ கட்டை 329.6 ஹெர்ட்ஸ், அதன் நான்காவது அதிர்வு 1318.5. ஒன்றாகச் சேரவேண்டிய இரண்டும் பத்து எண் விலகி நின்று முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலைத்தான் கேட்கிறாய். இப்போது சியையும் ஜியையும் அழுத்து. நடுக்கம் அநேகமாக இல்லை. வினாடிக்கு ஒன்றுக்கும் குறைவாக மெதுவாக அசையும். பஞ்சமத்தில் கீபோர்டின் பிழை வெறும் 2 சென்ட். காந்தாரத்தில்தான் அது நாக்குழறுகிறது.

அடுத்த தடவை உன் குரல் தானாகக் கொஞ்சம் கீழே போய் அமைதியாக உட்கார்ந்தால், அவமானத்தில் சுருங்காதே. அந்த அமைதியை உன்னிப்பாகக் கேள். ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: இறங்கிப் பாடுகிற எல்லாரும் இயற்கைச் சுருதியில் பாடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. மூச்சுப் பயிற்சி இல்லாமல் சரிகிற குரலும் உண்டு. சோம்பலுக்கு 14 சென்ட் என்று பெயர் சூட்டி ஏமாற்றாதே. சரிந்த குரலில் நடுக்கம் கூடும். சரியான இடத்தில் நடுக்கம் அடங்கும். இந்த இரண்டையும் பிரித்தறியும் காது உனக்கு வேண்டும். அது வந்துவிட்டால் உன்னை யாரும் அதட்ட முடியாது.

உன் ஊரில் அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது. காமன் கூத்துக் காலத்தில் தப்பு காய்ச்சுவதைப் பார்த்திருப்பாய். பூண்டுலோயாப் பனி இறங்கினால் தோல் தளர்ந்து தொப்பென்று விழும். தீ மூட்டி, தப்பின் முகத்தை அனலுக்குக் காட்டி, திருப்பி, விரல் முட்டியால் ஒரு தட்டு. போதாது. மறுபடி அனல், மறுபடி தட்டு. ஒரு கட்டத்தில் கணீரென்று குரல் எழும். பெரியவர் அந்த நொடியில் தப்பைத் தீயிலிருந்து எடுத்துவிடுவார். ஒரு நொடி பிந்தினால் தோல் வெடிக்கும். அளக்க மீட்டர் இல்லை, ஒப்பிடக் கட்டை இல்லை. காதுதான் அளவுகோல். அந்தக் காதின் பேரப்பிள்ளை நீ. உனக்குச் சுருதி ஞானம் இல்லை என்று எவன் சொன்னான்?

பிறகு ஏன் உலகமே இந்தப் பிழையான காந்தாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி இது. பதிலைத் தெரிந்துகொள்ளாமல் கீபோர்டைத் திட்டுவதும் ஒரு வகைத் தாழ்வு மனப்பான்மைதான்.

சுத்தமான பஞ்சமம் 702 சென்ட். ஒரு சுரத்திலிருந்து பஞ்சமம், அதிலிருந்து இன்னொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை ஏறினால் புறப்பட்ட சுரத்துக்கே வந்து சேர வேண்டும். வந்து சேராது. ஏறக்குறைய 23.5 சென்ட் தாண்டிப் போய்விடும். இயற்கை கணக்கை முடித்துத் தருவதில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொருவர் நிறையிலும் கொஞ்சம் கழிப்பார்களே, அப்படி ஒவ்வொரு பஞ்சமத்திலும் 2 சென்டைக் கழித்துவிட்டார்கள். வட்டம் மூடிக்கொண்டது. பஞ்சமத்துக்கு அதனால் பெரிய வலி இல்லை. பெரிய விலகல் காந்தாரத்திலும் தைவதத்திலும்தான் தங்கியது. இதுதான் சமப்பங்கீட்டுச் சுருதி. 1584இல் சீனத்து இளவரசர் சூ சாய்யூ இதற்கான எண்களைத் துல்லியமாகக் கணக்கிட்டு எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவினும் அதே எண்களைத் தேடினார். வானத்திலிருந்து இறங்கிய வேதமல்ல இது. மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடித்த சமரசம்.

சமரசம் என்றால் இளக்காரமாக நினைக்காதே. அதனால் கிடைத்ததைப் பார்க்க ஜாஸ் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உனக்குத் தெரிந்த மோகன ராகம்: ச ரி க ப த. இந்த ஐந்து சுரத்தையும் ஒரே நேரத்தில் அழுத்து. சி, டி, ஈ, ஜி, ஏ. ஜாஸ்காரர்கள் இதைச் சி சிக்ஸ் நைன் என்பார்கள். பாட்டு முடியும் இடத்தில் பியானோக்காரர் ஆசையாகக் கொண்டுபோய் வைக்கும் கார்டு அது. உன் வீட்டு மோகனம் நியூயார்க் கிளப்பில் கார்டாக நிற்கிறது. அதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்.

இப்போது இதே ஐந்தையும் இயற்கைச் சுருதியில் நிறுத்திப் பார்ப்போம். பல கீபோர்டுகளில் ஸ்கேல் டியூனிங் என்று ஒரு வசதி இருக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் சில சென்ட் ஏற்றலாம், இறக்கலாம். டியை 4 சென்ட் ஏற்று. ஈயை 14 இறக்கு. ஜியை 2 ஏற்று. ஏயை 16 இறக்கு. முதலில் சி, ஈ, ஜி மூன்றையும் அழுத்து. ஐயோ, என்ன அமைதி! மூன்று குரல் ஒரே தொண்டையிலிருந்து வருவது மாதிரி இருக்கும். நடுக்கம் நின்று, கார்டுக்கு அடியில் யாரோ இன்னொரு கீழ் ஷட்ஜம் பிடிப்பது போலத் தோன்றும். இனி டியையும் ஏயையும் மட்டும் சேர்த்து அழுத்து. அலறும். ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய பஞ்சமம் 702லிருந்து 680க்குச் சுருங்கிப்போயிருக்கும். ஷட்ஜத்தோடும் காந்தாரத்தோடும் சுகமாக இருந்த தைவதம் ரிஷபத்தோடு சண்டை போடுகிறது. தைவதத்தை ஏற்றினால் ரிஷபம் சமாதானமாகும், காந்தாரம் கோபித்துக்கொள்ளும். ரிஷபத்தை இறக்கினால் தைவதம் சிரிக்கும், பஞ்சமம் முறைக்கும். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த எந்த வழியும் இல்லை. கணிதமே மறுக்கிறது.

மோகனத்தைப் பாடும்போது இந்தச் சண்டை ஏன் வருவதில்லை? சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ரிஷபம் தனியாக நிற்கும்போது ஓர் இடத்தில் நிற்கிறது, தைவதத்திலிருந்து இறங்கி வரும்போது மயிரிழை தள்ளி நிற்கிறது. பாடகரின் தொண்டை அந்தந்தக் கணத்தில் பேசித் தீர்த்துக்கொள்கிறது. கார்டில் ஐவரும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். அங்கே சமப்பங்கீடு வந்து, எல்லாரிடமும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, எவரையும் அலறவிடாமல் காப்பாற்றுகிறது. ஜாஸின் கார்டு ஏழாவது சுரம், ஒன்பதாவது, பதின்மூன்றாவது என்று கூட்டம் சேர்த்துக்கொண்டே போவது. கூட்டம் பெருகப் பெருக இந்தச் சமரசம் இல்லாமல் குடும்பம் நடக்காது.

இன்னொன்றும் நடக்கும். சி, ஏ மைனர், டி மைனர், ஜி, மறுபடி சி. ஜாஸில் ஆயிரம் பாட்டு இந்தச் சுற்றில் ஓடுகிறது. நம் சினிமாப் பாட்டிலும் இது உண்டு. ஒவ்வொரு கார்டையும் அடுத்த கார்டோடு இயற்கைச் சுருதியில் சுத்தமாகப் பொருத்திக்கொண்டே போனால், சுற்றி வந்து நிற்கும் சி புறப்பட்ட சியைவிட 21.5 சென்ட் கீழே இருக்கும். ஐந்து சுற்று வந்தால் ஒரு முழுக் கட்டைக்கும் மேல் இறங்கியிருப்பாய். ஒவ்வொரு அடியும் சுத்தம், போய்ச் சேர்ந்த இடம் வேறு!

ஜான் கோல்ட்ரேன் என்ற கறுப்பின சாக்ஸபோன் மேதையை இங்கேதான் உனக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1959இல் அவர் பதிவுசெய்த ஜயன்ட் ஸ்டெப்ஸ், சமப்பங்கீட்டை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்த்த பாட்டு. ஸ்தாயியை மூன்று சம காந்தாரங்களாக வெட்டி, மூன்று வெவ்வேறு ஷட்ஜங்களுக்கு நடுவே காற்றாகப் பறந்தார். 400, 400, 400. கூட்டினால் 1200, வட்டம் மூடுகிறது. இயற்கைக் காந்தாரத்தில் 386ஐ மூன்று தடவை அடுக்கினால் 1159தான் வரும். 41 சென்ட் பள்ளத்தில் விழ வேண்டும். ஆக அந்தப் பாட்டு பிறந்ததே கீபோர்டின் பிழையான காந்தாரத்தால். அதே கோல்ட்ரேன் 1961இல் இந்தியா என்று பெயர் வைத்து ஒரு பாட்டை வாசித்தார். அதில் கார்டு ஓட்டம் கிடையாது. கீழே ஆதார சுருதி மாதிரி ஒன்று நிலைத்து நிற்க, மேலே ஊதுகுழல்கள் ஆலாபனை செய்கின்றன. பின்னாளில் தன் மகனுக்குச் சிதார் மேதை ரவி சங்கரை நினைத்து ரவி என்று பேர் வைத்தார். இரண்டே வருட இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு சுருதி உலகத்திலும் கால் பதித்தார். எந்த உலகத்திலும் வாசலில் நின்று அனுமதி கேட்கவில்லை.

அவர் முன்னோர் யார் என்று யோசித்துப் பார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டுவரப்பட்டு, அமெரிக்கத் தெற்கின் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்கள். அவர்கள் வயலில் பாடிய காந்தாரம் பியானோவில் இல்லை. சாதாரண காந்தாரக் கட்டைக்கும் அந்தர காந்தாரக் கட்டைக்கும் நடுவே எங்கோ அது வாழ்ந்தது. அவர்களுடைய நிஷாதமும் அப்படித்தான், கட்டையைவிடத் தாழ்ந்து நின்றது. அந்த இடைச்சுரங்களுக்குப் புளூ நோட் என்று பேர் வந்தது. தோட்டத்துக் கூலிகளுக்குச் சுருதி தெரியாது என்று சொல்ல அங்கேயும் ஆளிருந்தது. அவர்கள் தொண்டையைத் திருத்தினார்களா? பியானோவைத் திருத்தினார்கள்! இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தன் செயின்ட் லூயிஸ் புளூஸை 1914இல் அச்சில் கொண்டுவந்தபோது, பாடகர்களின் அந்த வளைவைக் காகிதத்தில் காட்ட மூன்றாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் தாழ்த்தி எழுதினார். ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒன்றாக நசுக்கி, இடையில் இல்லாத சுரத்தை இருப்பதுபோல் கேட்கவைத்தார்.

புளூஸ் கிதார்க்காரர் பி. பி. கிங் 1925இல் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பருத்தி எடுத்தவர், டிராக்டர் ஓட்டியவர். கிதாரின் கட்டங்களைச் செய்தவன் சமப்பங்கீட்டுக் கணக்கில்தான் அடித்திருந்தான். கிங் என்ன செய்தார்? சாதாரண காந்தாரக் கட்டத்தில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினார். தந்தி இறுகும், சுரம் ஏறும், அந்தர காந்தாரத்தைத் தொடுவதற்கு முன்னால் தன் ஊர்க் காந்தாரம் வந்த இடத்தில் நிறுத்தினார். கருவி செய்தவன் வைக்காத சுரத்தை விரல் வைத்தது. உலகம் முழுக்க இன்று ராக் வாசிப்பவனும் சினிமாவுக்கு வாசிப்பவனும் அந்த வளைப்பைப் பழகிக்கொண்டிருக்கிறான். தோட்டத்தில் பிறந்த சுருதி உலகத்துக்கே பாடமாகிவிட்டது. தேயிலை மலையில் பிறந்தவனே, இதைவிட உனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இன்னும் கிட்டே வா. கத்ரி கோபால்நாத் என்று ஒருவர். மங்களூர்ப் பக்கத்து நாதஸ்வர வித்துவானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதையே பிடித்துக்கொண்டார். பெல்ஜியத்தின் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை வாங்கிய கருவி அது. சாவியைத் திறந்தால் குறித்த சுரம், மூடினால் அடுத்த சுரம். கமகத்துக்கு இடமே இல்லை என்றார்கள். அவர் சாவிகளின் அமைப்பில் மாற்றம் செய்தார், உதட்டையும் மூச்சையும் பழக்கினார், சங்கராபரணத்தையும் கல்யாணியையும் அதில் அசைய வைத்தார். 1994இல் லண்டன் பிராம்ஸ் கச்சேரி மேடையில் அந்த சாக்ஸபோன் கர்நாடக சங்கீதம் பாடியது. கருவியின் விதியை மீறக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்று காட்டிய மனிதர்.

எறியச் சொன்னவர்களும் இருந்தார்கள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆர்மோனியத்தை எதிர்த்து எழுதினார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. அது தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் காது சரியாகத்தான் கேட்டது, காரணமும் நியாயமானதுதான்: சமப்பங்கீட்டுக் கட்டைகள் நம் சுருதியை மழுங்கடிக்கும் என்ற அச்சம். மருந்துதான் தப்பு. பயப்படுகிறவன் தடை போடுவான். தன் சுரம் எங்கே நிற்கிறது என்று அறிந்தவன் ஆர்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் காந்தாரத்தைப் பாடுவான்.

நம்மவர்களிலேயே இந்த வழக்கை எடுத்து வாதாடிய இரண்டு மலைகளைப் பற்றி உன் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிதான் படித்திருப்பாய். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் வாழ்ந்த சித்த மருத்துவர். மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை இசையில் கொட்டினார். 1912இல் தஞ்சையில் சங்கம் கூட்டினார். தம் செலவிலேயே வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தம் மகள்களை வீணை வாசிக்கவைத்துத் தம் கணக்கை மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டு கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை அச்சிட்டார். சுருதி இருபத்திரண்டு என்று காலங்காலமாக எல்லாரும் ஓதிவந்த இடத்தில், இல்லை, பழந்தமிழர் சம அளவாகத்தான் பங்கிட்டார்கள், பன்னிரண்டு, அதன் இரட்டிப்பாக இருபத்துநான்கு என்று வாதிட்டார்.

மறுபக்கம் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்பு மண்ணின் காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கணிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பழந்தமிழ் யாழைத் தேடிப் போனார். இருபத்திரண்டு அலகையும், அதாவது சுருதியையும், விகித எண்களால் நிறுவி யாழ் நூல் எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. ஜூலையில் அடிகள் கண்மூடினார். உயிரின் கடைசித் துளி வரை சுருதிக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்.

ஒருவர் சமப்பங்கீட்டின் பக்கம், ஒருவர் விகிதத்தின் பக்கம். இருவரும் சிலப்பதிகாரத்தையே சாட்சிக்கு அழைத்தார்கள். எவர் சரி என்று அறிஞர்கள் தர்க்கிக்கட்டும். எனக்குச் சிலிர்ப்பது வேறொன்று: மருந்து விற்ற ஒரு தமிழனும் காவி கட்டிய ஒரு தமிழனும், உலகத்தின் மிகக் கடினமான இசைக் கணக்கைத் தங்கள் சொந்தக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம்" என்று ஒதுங்கவில்லை. ஆளுக்கொரு பெருநூல் எழுதும் அளவுக்குத் தங்கள் காதையும் அறிவையும் நம்பினார்கள். அந்த வரிசையில் அடுத்த நாற்காலி காலியாக இருக்கிறது. மலையகத்திலிருந்து ஏன் ஒருவர் வந்து உட்காரக் கூடாது?

அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதே அளவு என்ற கொடுமையை உன் குடும்பத்தைவிட அறிந்தவர் யார்? 1947 தேர்தலில் மலைநாட்டு மக்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, நீங்கள் இந்த நாட்டுக் கணக்கில் இல்லை என்றது. 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் உட்கார்ந்து, எத்தனை பேர் அங்கே, எத்தனை பேர் இங்கே என்று ஆட்களைப் பங்குபோட்டன. நாடற்றவராக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. சட்டம் அவர்களைக் கழித்த அத்தனை காலமும் அவர்கள் இங்கேயே கொழுந்து கிள்ளிக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொண்டு, தாலாட்டுப் பாடிக்கொண்டு இருந்தார்கள். கணக்கிலிருந்து விடுபட்டதால் அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. கீபோர்டில் கட்டை இல்லாததால் உன் காந்தாரமும் இல்லாமல் போய்விடாது.

அந்த 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி. வி. வேலுப்பிள்ளை. உன் பூண்டுலோயாவுக்குப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்துப் பிள்ளை. ஆங்கிலத்தில் கவிதை எழுதி, தேயிலைத் தோட்டத்து விடியலை உலகத்துக்குக் கேட்கவைத்தவர். அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் பெரிது: லயத்திலும் மலையிலும் மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அந்தத் தொகுப்பு மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்று நூலாயிற்று. தோட்டத்துப் பாட்டு குப்பை என்று நினைத்திருந்தால் அந்த மனிதர் பேனாவைத் தொட்டிருப்பாரா? அவர் காதில் அது பொக்கிஷமாக விழுந்தது.

ஆனால் காகிதத்தில் சொல் நிற்கும். சுருதி நிற்காது. ஒரு தாலாட்டின் வரியை எழுதிவிடலாம். அந்த "ஆராரோ"வில் உன் அப்பத்தாவின் குரல் எந்தக் காந்தாரத்தில் போய்ப் படுத்தது என்பதை எழுத்தால் பிடிக்க முடியாது. 386ஆ, 400ஆ, இரண்டுக்கும் நடுவிலா? ஒப்பாரியில் நிஷாதம் எவ்வளவு தாழ்கிறது? காமன் கூத்துப் பாட்டு எந்தச் சுரத்தில் ஏறி எந்தச் சுரத்தில் வளைந்து இறங்குகிறது? இந்தக் கேள்விகளுக்கான பதில் டன்சினன் லயங்களிலும் சீன் தோட்டத்து லயங்களிலும் வயதான தொண்டைகளில் இருக்கிறது. அந்தத் தொண்டைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

வேலை உன்னுடையது. உன் கையில் போன் இருக்கிறது; அதில் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது; சுரத்தைச் சென்டில் காட்டும் டியூனர் செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சி. வி.யிடமும் விபுலாநந்தரிடமும் இந்த வசதி இருந்ததா? அப்பத்தாவை, பக்கத்துக் காம்பிரா அம்மாயியை, கூத்து வாத்தியாரைப் பாடச் சொல். கூடக் கீபோர்டு வாசிக்காதே. வாசித்தால் குரல் கட்டையின் பின்னால் போய்விடும். தனிக் குரலாகப் பிடி. பாடியவர் பேர், தோட்டம், டிவிஷன், தேதி எல்லாம் குறித்துக்கொள். அவர் எந்தச் சுரத்தில் நீண்டு நிற்கிறாரோ அங்கே அள. ஒரு பாட்டை ஒரு தடவை அளந்து முடிவு சொல்லிவிடாதே. அவரே மறுபடி பாடும்போது எங்கே நிற்கிறார் என்று பார். அதே இடத்துக்கு மறுபடி மறுபடி வந்தால் அது பிழையே இல்லை. அது அவருடைய சுருதி.

அப்புறம் கீபோர்டை எடு. ஸ்கேல் டியூனிங்கைத் திற. உன் அப்பத்தாவின் காந்தாரத்துக்குக் கட்டையை இறக்கு. அதன்மேல் ஜாஸ்காரர்களின் கார்டை வை. எது அலறுகிறது, எது அமர்கிறது என்று நீயே கண்டுபிடி. அலறுகிற இடத்தில் சுரத்தை மாற்று, அல்லது கார்டை மாற்று. அந்த இரண்டில் எதை மாற்றுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இனி உன்னுடையது.

அப்பத்தா இன்று இரவு அடுப்படியில்தான் இருப்பார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்.